என் பெயரில் இல்லாத போன்

அக்டோபர் 6
தட்டைமீனை நறுக்கும்போது கத்தி ஆடியது. "அண்ணே, மீனுக்கு இன்னும் உயிர் இருக்கு போல!" என்றார் சாப்பிட வந்தவர். ஆடியது என் கை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

கொரியாவின் பூசான் துறைமுகத்தில் என் கடையில், பச்சையாகவே தின்னும் மீனை முப்பது வருடமாக நறுக்குகிறேன். கை போனால் பிழைப்பு போச்சு. "கை நடுங்குது, டாக்டர்கிட்ட போ" என்று வசந்தத்திலேயே சொன்னாள் மி-சன். அதற்குப் போய் அப்படிக் கத்தினேன். உல்சானுக்கு அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இருபத்தெட்டு வருட மனைவி.

அக்டோபர் 8
எலும்பு டாக்டர். கழுத்து என்றார்.

அக்டோபர் 13
உடம்பெல்லாம் ஊசி செருகும் நாட்டு வைத்தியர். ஈரல் என்றார். அவரவர் கடையில் இருக்கும் சரக்கைத்தானே விற்பார்கள்? நானும் அப்படித்தான்.

அக்டோபர் 20
கடைசியில் பெரிய மருத்துவமனை, நரம்பு டாக்டர். நடக்கவிட்டார், விரலைத் தட்டச் சொன்னார், தலையைப் படம் எடுத்தார்கள். முடிவு இணையத்தில் என் பக்கத்தில் வருமாம். "பேரும் போன் நம்பரும் போடுங்க, திறந்துடும்" என்றாள் நர்ஸ். இதென்ன பிரமாதம்!

அக்டோபர் 29
திறக்கவில்லை. 'பெயர் பொருந்தவில்லை.' மா டொங்-சிக் என்று ஐந்து தடவை அடித்தேன். ஐம்பத்தொன்பது வயதில் நான் நானில்லையாம். செய்தி கெட்டதோ, அதனால்தான் காட்டமாட்டேன் என்கிறதோ? அட முட்டாளே, இயந்திரத்துக்கு இரக்கம் வருமா?

அக்டோபர் 30
போன் கடைப் பெண் சொன்னாள்: "இது தக் மி-சன்ங்கிறவங்க பேர்ல இருக்கு. அதான் ஆஸ்பத்திரிப் பக்கம் திறக்கல. மாத்தணும்னா ரெண்டு பேரும் நேர்ல வரணும்."
போன்கூட அவள்தான் வாங்கித் தந்தாள். மறந்தே போனேன்.

நவம்பர் 2
மி-சனைப் போனில் கூப்பிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்த மன்னிப்பில் ஒரு வார்த்தையும் வரவில்லை. "போனை என் பேருக்கு மாத்தணும்" என்பது மட்டும் வந்தது.
"ஓ, அவ்வளவு தூரம் போயாச்சா? சரி. சனிக்கிழமை வரேன்."
மடையா! காரணத்தைச் சொன்னியா நீ?

நவம்பர் 7
கடைப் பெண் ஒரு தாளை நீட்டினாள். "இந்த நம்பர் உங்க குடும்ப போன் கட்டணத் தொகுப்புல இருந்து விலகுதுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."
மி-சன் விறுவிறுவென்று போட்டுவிட்டாள். என் பேனா தாளெல்லாம் கிறுக்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்தும் நிற்கவில்லை.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எதுக்கு இந்தப் பேர் மாத்துற கூத்து?"
சொன்னேன். ஆஸ்பத்திரி, படம், திறக்காத பக்கம் — பயமா இருக்குடி, அதையும் சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு முன்னாடியே.
"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா மனுஷா? நீ என்னை வெட்டி விடுறேன்னு அஞ்சு நாளா அழுதுட்டு இருந்தேன்!" தாளை நாலாகக் கிழித்தாள். "டாக்டருக்கு வாய் இருக்குல்ல? நேர்ல போய்க் கேப்போம்."

நவம்பர் 10
நடுக்கம் பார்க்கின்சன் நோயால்தான். ஆரம்பமாம். மி-சன் பதினான்கு கேள்வி கேட்டாள். நான் கத்தியைப் பற்றி மட்டும் கேட்டேன். மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும் என்றார் டாக்டர், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றார்.

நவம்பர் 19
மாலையில் கடைக்கு வந்த கூட்டத்துக்கு மி-சன்தான் மீன் நறுக்கினாள். ஒவ்வொரு துண்டும் செங்கல் மாதிரி. ஒருவர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"இங்க இப்படித்தான் வெட்டுவோம்" என்றேன்.