புள்ளிக்கு முளைத்த ஆறு கால்கள்

சீனத் தலைநகர் சாங்கான்,
எட்டாம் மாதம், பத்தாம் நாள்.

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு, மகள் விசாகை தெற்கு நோக்கி மூன்று முறை தலை தாழ்த்தி எழுதுவது. மூன்றாவது முறை நெற்றி மேசையில் இடித்துக்கொண்டது. ஆகவே மரியாதையில் குறைவில்லை.

அடுத்த வணக்கம், பஞ்சாங்க மாளிகை வாசலில் உட்கார்ந்து எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு. வானக் கணக்கு தெரிந்த வீட்டிலிருந்து எது வெளியே போனாலும் படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது விதி. எனக்கு அதில் வருத்தமில்லை. கேட்க ஆள் இருந்தால் பேசத் தெம்பு வரும். ஐயா, நீங்கள் வேலைக்குப் புதியவர் என்று கேள்வி. அதனால் உங்களுக்காக நடுநடுவே விளக்கம் சொல்வேன். அப்பா, அந்த இடங்களை நீங்கள் தாண்டிவிடுங்கள்.

ஐயா, என் அப்பா பவதாசரின் கொள்ளுத்தாத்தா பாரத நாட்டிலிருந்து பாலைவனம் கடந்து ஒட்டகத்தில் வந்தவர். மூட்டையில் ஒன்பது கிரகங்கள் கொண்டுவந்தார். ஏழு இங்கே முன்பே இருந்தன. புதிதாக வந்தவை ராகுவும் கேதுவும். அவை கண்ணுக்குத் தெரியாதவை, அதனால் சுங்கச் சாவடியில் வரி கேட்கவில்லை. அன்று முதல் இந்த மாளிகையில் மற்றதெல்லாம் உங்கள் ஊர் முறைப்படி, கிரகணம் மட்டும் எங்கள் வீட்டுக் கணக்குப்படி. வீடும் மாளிகை மதிலுக்குள்ளேயே.

ஏழாம் மாதம் முதல் நாள் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுப்பகலில் கோழிகள் கூட்டுக்குள் போயின. கிரகண முரசு ஒன்றும் முழங்கவில்லை, ஏனென்றால் பஞ்சாங்கத்தில் அன்று கிரகணமே இல்லை. முற்றத்தில் இலந்தைப்பழம் காயப் போட்டிருந்தோம். அப்பா, நீங்கள் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையில் மரத்தடி வெளிச்சமெல்லாம் சின்னச் சின்னப் பிறைகளாக வளைந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா "என்னங்க, உள்ள வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். உங்களுக்குக் கேட்கவில்லை.

சொன்ன கிரகணம் வராமல் போனால், மாமன்னரின் நற்குணம் அதைத் தடுத்துவிட்டது என்று எல்லா அதிகாரிகளும் வரிசையில் நின்று வாழ்த்துகிறார்கள். சொல்லாத கிரகணம் வந்தால்தான் குற்றம். மாதம் ஒரு கிரகணம் என்று எழுதி வைத்திருந்தால் வருடத்துக்குப் பதினோரு வாழ்த்தாவது தேறியிருக்குமே அப்பா! அதை விட்டுவிட்டு ஒன்பது நாள் விசாரணையிலும் ஒரே பதில் சொன்னீர்களாம்: "கணக்குல நான்தான் தப்பு பண்ணேன். கணக்குப் போட்ட தாளை எரிச்சுட்டேன்." நீங்கள் தப்பு பண்ணினீர்கள் என்பதை நான் நம்பவில்லை. ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணித் தின்கிற ஆள் நீங்கள்.

கிரகணம் சூரியனைப் பிடித்து சில நாழிகையில் விட்டுவிட்டது. உங்களைப் பிடித்ததுதான் இன்னும் விடவில்லை. கிரகணக் கணக்கரைப் பதவி இறக்கி, தென்கடல் ஓரத்தில் கம்பு நட்டு நிழல் அளக்க அனுப்பிவிட்டார்கள். கோடையில் அங்கே நிழல்கூட தப்பான பக்கம் விழுமாமே! உங்களைப் பற்றி யாரோ அதனிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுச் செய்தி. பாரதத்திலிருந்து வந்த மேற்கத்திய முறையே பொய் என்று உங்கள் ஏடுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். ஆனால் மாளிகைத் தலைவர் நேற்றுப் பின்வாசலில் வந்து, "செவ்வாக்கிழமை முடி வெட்டினா ஆகாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்வாரே, புதன் பரவாயில்லையா?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டுவிட்டுப் போனார். உங்கள் ஏழு கிழமைகள் பரணில் ஏறவில்லை அப்பா. சந்தையில் வண்டிக்காரன் வரைக்கும் அதைத்தான் பார்க்கிறான்.

நகலெழுத்தர் கோங் மாமா நலம். ஐயா, உங்களுக்கு ஒரு விளக்கம்: என் தூரிகையில் ஈ நன்றாக வரும். இறக்கை, ஆறு கால் எல்லாம் இருக்கும். கோங் மாமாவின் தாள் ஓரத்தில் வரைந்து வைப்பேன். கண் மங்கிய மனிதர், விசிறியால் படார் படார் என்று அடிப்பார். பிறகு, "அடி வாலு! மாசம் ஒரு விசிறி உடையுது உன்னால!" என்று கத்துவார். அப்பா விக்கல் வரும்வரை சிரிப்பார். இப்போது நான் வரைவதில்லை. விக்கல் எடுக்க ஆள் இல்லை.

அம்மா தினமும் உங்கள் கிண்ணத்தையும் வைத்துக் கஞ்சி ஊற்றுகிறாள். ஆறிய பிறகு எனக்குத் தருகிறாள். இரண்டு கிண்ணம் குடித்து நான் குண்டாகிவிட்டேன். சீக்கிரம் வந்து உங்கள் பங்கைக் குடியுங்கள்.

பணிவுள்ள மகள்,
விசாகை.


பத்தாம் மாதம், இரண்டாம் நாள்.

அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் வாசல் வழியாக வரவில்லை. உங்கள் சீட்டை உலர்பழ மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அதே வணிகர் கையில் கொடுக்கிறேன்.

ஐந்தே வரி எழுதியிருந்தீர்கள். மழை. மலை தாண்டியாயிற்று. அம்மாவைப் பார்த்துக்கொள். துணிப்பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே ஒரு தாள் இருக்கிறது. விரித்துப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிடு.

பதினைந்து வருடமாக என்னை வளர்க்கிறீர்கள். பார்க்காதே என்று என்னிடம் சொல்லலாமா அப்பா?

எரித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்ன அந்தக் கணக்குத் தாள்தான் அது. உங்கள் கையெழுத்து, உங்கள் மேற்கத்திய எண்கள். நடுவில் ஓர் ஐந்தும் ஓர் ஏழும் தள்ளித் தள்ளி நின்றன. இடையில் ஒன்றுமில்லை. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் மெலிந்து வெளிச்சம் உள்ளே வந்தது. கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டியவருக்குக் கண் சரியில்லை, கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டார். முடி போல ஒரு கோடு, நுனியில் ஒரு வளைவு.

ஈயின் பின்னங்கால். என் கை.

எல்லாம் ஞாபகம் வந்தது. நாலாம் மாதம் உங்களுக்குக் காய்ச்சல். வழக்கமாக நீங்கள் எண்களை வாயால் சொல்ல, கோங் மாமா எழுதுவார். அன்று அவரே பார்த்து எழுதட்டும் என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் கறுப்பாக, உருண்டையாக, அழகாக ஒரு புள்ளி. உடம்பு முன்பே இருந்தது. கால்களையும் இறக்கையையும் மட்டும் நான் போட்டேன்.

அந்தப் புள்ளி என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முன்பு ஒருநாள் கேட்டபோது, "அங்க ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்மா" என்றீர்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். நீங்கள் அதற்குப் பிறகு சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறது. "ஆனா அந்த ஒண்ணுமில்லாததுக்கும் ஒரு இடம் வேணும். இல்லேன்னா பக்கத்துல இருக்கிறதெல்லாம் நகர்ந்து வந்து உக்காந்துரும்."

ஏழு நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்நூற்று ஏழு, ஐம்பத்தேழு ஆகிவிட்டது. பகல் கிரகணம் கணக்கில் சூரியன் இல்லாத இரவுக்குப் போய், பஞ்சாங்கத்திலேயே இல்லாமல் போய்விட்டது. நீங்கள் மூவாயிரம் லீ தூரம் நகர்ந்துவிட்டீர்கள்.

தாளை எரிக்கவில்லை. என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

விசாகை.


இரண்டாம் மாதம், பகலும் இரவும் சமமான நாள்.

வாசலில் கடிதம் படிக்கும் ஐயாவுக்கு முதல் வணக்கம். இந்த முறை உங்களுக்குத்தான் முதலில்.

ஐயா, போன கடிதம் உங்கள் கைக்கு வரவில்லை. அதில் இருந்தது இதுதான்: ஏழாம் மாதக் கிரகணக் கணக்கில் என் அப்பா தப்பு செய்யவில்லை. அவர் போட்ட புள்ளியை நான் ஈயாக்கினேன். நகலெழுதியவர் அதை என் குறும்பு என்று சுரண்டிப் போட்டார். இத்துடன் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கால் தெரியும். இதைப் படித்த பிறகு உடனே வெளியே அனுப்பாதீர்கள். முதலில் மேலே அனுப்புங்கள்.

அப்பா, கோபப்படாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பதில் போன வாரம் வந்தது. வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் நீங்கள் சொல்லச் சொல்லக் காவல்காரர் எழுதுகிறார் என்று இருந்தது. நிழலை அளக்கிற கைக்கு என்ன நடுக்கம் அப்பா? அங்கே குளிர் கிடையாதே. "நீ ஒன்றும் செய்யவில்லை. தாளை எரித்துவிடு" என்று இரண்டு முறை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். திட்டவே இல்லை.

கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு கோங் மாமாவிடம் போனேன். தாளை விரித்ததும் அவர் கண்ணைக் கிட்டே கொண்டுபோகவில்லை. அதிலிருந்தே அவருக்குத் தெரியும் என்று புரிந்தது.

"கிரகணம் விட்ட அன்னிக்குச் சாயங்காலமே உங்கப்பா இந்தத் தாளோட வந்தாரு" என்றார். "எனக்கு உசுரே போச்சு. தலைவர் முன்னாடி ஈ அடிச்சு நாலு தடவை அவமானப்பட்டவன் நான். அஞ்சாவது ஈயைக் கத்தியால தீர்த்துட்டேன்னு பெருமையா இருந்தேன்டி! நானே போய்ச் சொல்லிடறேன்னேன். உங்கப்பா கையைப் புடிச்சுக்கிட்டாரு. 'அண்ணே, எம்மக கை வானக் கணக்குல பட்டுச்சுன்னு தெரிஞ்சா அவளை அரண்மனை நெசவுக்கூடத்துக்கு அடிமையா இழுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒண்ணும் பார்க்கல, நான் ஒண்ணும் வரையல'ன்னாரு."

நான் அழவில்லை அப்பா. சிரிப்புதான் வந்தது. நீங்களும் நானும் ஒரே மாதிரி. ஆளை ஏமாற்றி விசாரணை மன்றத்தையே ஒன்பது நாள் ஈ அடிக்க வைத்திருக்கிறீர்கள். பிறகு கோங் மாமாதான் அழுதார். அதைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்லப் போகிறேன் என்றேன். அவர் பேரை எழுத மாட்டேன், சுரண்டியதும் நானே என்று எழுதுகிறேன் என்றேன். "போடி" என்றார். "சுரண்டினது எழுத்தன் கத்தின்னு எந்த முட்டாளுக்கும் தெரியும். எனக்கு அறுபத்தெட்டு. எங்க அனுப்பினாலும் பாதி வழியில போய்ச் சேர்ந்துருவேன், மீதி வழிக்குக் குதிரையாவது மிச்சம்." கீழே இருக்கும் விரல் ரேகை அவருடையது. கொஞ்சம் கோணலாக இருக்கிறது. தாளின் ஓரம் அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புதுக் கணக்கர் வருகிறார். நேற்றுத் தம் ஆட்களுடன் வீட்டைப் பார்க்க வந்தவர், களைத்துப்போய் உங்கள் இருக்கையில் உட்காரப் போனார். அம்மா அதட்டவில்லை. ஓடி வந்து அந்த இடத்துக்கு நேராக உங்கள் கிண்ணத்தை வைத்தாள். வெறும் கிண்ணம். அவர் என்ன நினைத்தாரோ, தள்ளிப்போய் உட்கார்ந்தார். உங்கள் புள்ளியை நம் வீட்டில் அம்மா ஒருத்திதான் முதலிலிருந்தே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

இன்று மாலை வெளிச்சம் போனதும் மதில் ஏறி நின்றேன். தெற்கே அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு அந்த ஒற்றை நட்சத்திரம் தெரிந்தது. நீங்கள் அகத்தியர் என்பீர்கள், அம்மா தென்திசைக் கிழவர் என்பாள். அது தெரிந்தால் ஆயுள் நீளும் என்று இந்த ஊரில் நம்பிக்கை. இங்கே ஒரு விரல் உயரம்தான், மாட்டுவண்டிப் புழுதி கிளம்பினால் மறைந்துவிடுகிறது. உங்களுக்கு அது உயரத்தில் நிற்கும். இரண்டு பேரில் எந்தப் பேரைச் சொல்லியாவது அதை நிறையப் பாருங்கள் அப்பா. தினமும் பாருங்கள்.

வாசல் ஐயா, நெசவுக்கூடத்துக்கு எந்த நாள் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை ஆனாலும் பரவாயில்லை. ஆனால் எங்கள் அப்பாவை அழைத்துவர ஆள் புறப்பட்ட பிறகு என்னைக் கூப்பிடுங்கள். தலைவரிடம் ஒரு வார்த்தை: புதுக் கணக்கருக்கு அந்தப் புள்ளியின் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் அப்பாவைத் தவிர ஆள் இல்லை. அடுத்த கிரகணம் யாருக்காகவும் காத்திருக்காது.

அப்பா, இந்தக் கடிதத்துக்கு மை அரைத்துக் கொடுத்தது அம்மா. என்ன எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மை தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் அரைத்தாள்.

இந்தத் தாளில் எங்கும் ஈ வரையவில்லை. நீங்கள் வரும்போது வீடு வேறாக இருக்கலாம், நான் அங்கே இல்லாமல் இருக்கலாம். அங்கேயும் உங்கள் கிண்ணம் உங்களுக்கான இடத்தில் இருக்கும். கை நடுங்கினாலும் பரவாயில்லை, இரண்டு கையாலும் பிடித்துக் குடியுங்கள். எனக்கும் ஒரு கிண்ணம் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
விசாகை.