வாப்பா தவறவிட்ட பெனால்டி

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கணுக்காலில் லேசான வீக்கம், அவ்வளவுதான்.

இங்கே விமான் நகரில் ஞாயிறுதோறும் பந்தாடக் கூடும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரே பேச்சுதான். "உங்க வாப்பா அந்தப் பெனால்டிய வானத்துல அடிக்காம இருந்திருந்தா, கோப்பை நம்ம கிளப்புக்குத்தான்."

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. அதே பெனால்டியை மறுபடி அடிப்போம் என்றேன். அன்று ஜெயித்த எதிர் கிளப்புக்காரரான சாகிப் காக்கா கோலில் நின்றார். இடது மூலையில் தாழ்வாக அடித்தேன். கோல். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, தொண்ணூற்றாறாம் வருடக் கோப்பை நம்முடையதே என்று தீர்மானம் போட்டார்கள். சாகிப் காக்காவும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் நீங்கள் போட்டுக்கொள்ளும் பழைய கிளப் பனியனை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. முப்பது வருடமாக நீங்கள் தவிர்த்துச் சுற்றிப்போகும் மைதானத்தின் வழியாகவே இனி பள்ளிவாசலுக்குப் போங்கள், வாப்பா.

உங்கள் மகன்,
அனஸ்