துடைப்பத்தின் கண்ணில் படாதது

ஜூன் 4

மூவுலகும் நடுங்கும் மென்பொருள் சக்கரவர்த்தினி, என் அக்கா பெற்ற ஒரே சுண்டெலிக்கு,

ஆறு கம்ப்யூட்டர்களையும் ஒன்றரை மின்விசிறியையும் கட்டியாளும் உன் மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் துடைப்பம் ஒன்றைத் தவிர.

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் தபாலில் கடிதம் போடுகிறானே என்று தபால்காரர் தெருத் தெருவாகச் சொல்லிச் சிரிக்கிறார். அவருக்கென்ன தெரியும்? போனில் பேசலாமென்றால் என் காதுகள் இரண்டும் பதவி விலகி வெகுகாலம் ஆகிறது. மெயில் போட்டாலோ, 'சரி மாமா' என்று இரண்டே சொல்லில் என்னை நல்லடக்கம் செய்துவிடுகிறாய். தாளில் எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வரியாவது பெயர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்தபோது என் கடைக்கென்று ஒரு புரோகிராம் எழுதி, துடைப்பம் என்று பெயரும் வைத்தாயே, நினைவிருக்கிறதா? ஆள் எழுந்ததும் ஒரு தட்டு தட்டினால் போதும். அவர் போன பக்கம், தட்டிய எழுத்து, பாஸ்வேர்ட் எல்லாம் சுத்தம். அதை நம்பித்தானே வாசல் கதவில் பலகை மாட்டினேன்: 'நீங்கள் எழுந்த பின் உங்கள் சுவடு இங்கே இருக்காது. உத்தரவாதம்.'

போன மாதம் பழைய பிரவுசர் கிழவனாகிவிட்டது. விண்ணப்பப் பக்கம் எதையும் திறக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. புதியதாக ஒன்றைக் கொண்டுவந்தேன். சி டிரைவில் கொசு ஒருக்களித்துப் படுக்கவும் இடமில்லை. ஆகவே டி டிரைவில் அரண்மனை எழுப்பி அதைக் குடிவைத்தேன். அன்று முதல் உன் துடைப்பத்துக்குக் கண் அவிந்துவிட்டது. செத்துப்போன பிரவுசரையெல்லாம் பட்டியலில் காட்டுகிறது. எதிரே மலைபோல் உட்கார்ந்திருக்கும் புதியவனைக் காணோம் என்கிறது. கடுகு போன இடம் தெரிகிறது, பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

எனக்கே சங்கடமாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு பெண் வருவாள். பக்கத்துச் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். நான் பொத்தானம்மா என்று கூப்பிடுவேன். எப்போதும் சுவரோரம் மூன்றாம் நம்பரில்தான் உட்காருவாள். ஒருநாள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "நிஜமாவே அழிஞ்சிடுமா சார்?" என்று கேட்டாள். "புருஷன் பொண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கை மறக்கிறதைவிட வேகமா மறந்துடும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் தோற்றுப்போன முதல் நகைச்சுவை அது.

உடனே மருந்து அனுப்பு. இல்லாவிட்டால் என் சாம்ராஜ்யம் சரிந்தது என்று சரித்திரத்தில் எழுதிக்கொள்.

இப்படிக்கு,
ஆறு கணினி கொண்டான், செவிடர்குலத் திலகம்,
உன் மாமன்


ஜூன் 13

அன்புள்ள மாமாவுக்கு,

சக்கரவர்த்தினிக்கு இங்கே ஒழுங்கான நாற்காலிகூடக் கிடையாது. அலுவலகத்தை வேறு மாடிக்கு மாற்றியதில் என் நாற்காலியின் ஒரு சக்கரம் தொலைந்துவிட்டது. நாளெல்லாம் சாய்ந்தபடிதான் உலகை ஆள்கிறேன். அம்மா போனில் நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். ராத்திரியும் வெறும் டீயோடு படுத்துவிடுகிறீர்களாமே. ஏன் மாமா இப்படி?

துடைப்பம் இன்னும் உயிரோடு இருப்பதே எனக்கு ஆச்சரியம். அது நான் விளையாட்டாக எழுதியது. கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது; சொல்லிக்கொடுத்த இடத்தில் மட்டும்தான் போய்ப் பார்க்கும்.

முதலில் பிரவுசரை முழுக்க மூடுங்கள். மூலையில் பெருக்கல் குறியை அழுத்தினால் மட்டும் போதாது, சில பிரவுசர்கள் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்ன படம் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் மூடிவிட்டுத் துடைப்பத்தைத் திறங்கள். அப்படியும் வராவிட்டால், கொஞ்சம் திருத்திய துடைப்பம் ஒன்றை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். அதிலும் வராவிட்டால், பிரவுசர் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதுங்கள். அது தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

அதுவரை ஒவ்வொருவர் எழுந்ததும் பிரவுசர் மெனுவுக்குள்ளேயே போய் வரலாற்றை அழித்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அழியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சுண்டெலி


ஜூன் 22

ஒற்றைச் சக்கர நாற்காலியிலிருந்து அண்டசராசரத்தை ஆளும் மருமகளுக்கு,

நீ வகுத்த வியூகப்படி போர் நடத்தினேன். பிரவுசரை மூடினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த ஒற்றனையும் பிடித்து வெளியேற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். துடைப்பம் அசையவில்லை. உன் புதிய துடைப்பத்தையும் இறக்கினேன். பழைய கள், புதிய மொந்தை. 'காணப்படவில்லை' என்பதை முன்பு நீலத்தில் சொன்னது, இப்போது பச்சையில் சொல்கிறது.

பிரவுசர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். மகாராஜா எங்கே இருப்பார்? மகாராஜாவுக்குத் தக்க இடத்தில்தான் இருக்கிறார்.

கையால் அழிக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைசித் தேதி நெருங்குகிறது. கடை வாசலில் தொடங்கும் வரிசையின் வால் அடுத்த கண்டத்தில் ஆடுகிறது. ஒருத்தர் எழும்போதே அடுத்தவர் பாதி உட்கார்ந்துவிடுகிறார். மெனுவுக்குள் போய் அழிப்பதற்குள், "என்ன பெரியவரே, தூங்கிட்டீங்களா?" என்று கத்துகிறார்கள். எனக்கே கேட்கிறதென்றால் எவ்வளவு கத்தியிருப்பார்கள் பார்.

பொத்தானம்மா விஷயம்தான் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பின்னால் நடக்கும்போது திரை கண்ணில் பட்டுவிட்டது. தூரத்து ஊரில் பெண்கள் விடுதி ஒன்று, அங்கேயே சட்டைக் கம்பெனியில் வேலை. கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டுவரை கைவைத்த சட்டை போட்டு வருகிறவள் அவள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். அவள் வேலை முடிந்து வரக் கொஞ்சம் பிந்தினால் தெருமுனையில் வண்டியோடு நிற்பார். பார்த்தால் பரம சாது, எறும்புக்கும் வணக்கம் சொல்வார். அவருக்கு மட்டும் இது தெரிந்ததோ, வானம் இடிந்து விழும், கடல் எழுந்து ஊருக்குள் நடந்து வரும், சூரியன் லீவு போட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம்.

இப்படிக்கு,
துடைப்பத்தோடு போரிட்டுத் தோற்ற முதல் மாமன்னன்


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது இங்கே தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். சூரியன் லீவு போடுகிற இடத்தில் ஒருத்திக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. உங்கள் கடிதம் வருகிற நாளில்தான் இந்த மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

போன வருஷம் பிரிண்டரில் மை தீர்ந்தபோது ஏழு கடலும் வற்றிவிட்டதாக எழுதினீர்கள். நான் பதறிப்போய் அம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். அம்மா வந்து பார்த்தால் நீங்கள் அந்தப் பிரிண்டர்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்களாம். "இவன் சொல்றதுல பத்தில் ஒண்ணுதான்டி எடுத்துக்கணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஆகவே சூரியனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இங்கே கையிலிருக்கும் வேலையை இந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்காவிட்டால் என் தலை உருளும் (இது மிகையில்லை). முடித்ததும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். உங்கள் மகாராஜாவை நானே நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

மறுபடியும் கேட்கிறேன், எந்த ஃபோல்டர்? வர்ணனை வேண்டாம் மாமா, பெயர் மட்டும் போதும்.

அன்புடன்,
சுண்டெலி


ஜூலை 12

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று அந்த வேன்காரர் கடைக்கு வந்தார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் குனிந்து, பொறுமையாக, காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

"உங்க கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர் சார். அன்னிக்கு வண்டி இன்சூரன்ஸ் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஒரு எழுத்துதான் போட்டேன், மீதிய அதுவே சொல்லிடுச்சு. இல்லேன்னா எங்க வீட்டம்மா அநியாயமா தொலைஞ்சு போயிருப்பா."

அவர் வந்து உட்கார்ந்த அன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அவள் மூன்றாம் நம்பரிலிருந்து எழுந்து போனாள். அழிக்கத்தான் போனேன். அதற்குள் பிரிண்டரில் யாருடைய தாளோ சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தது. யாரென்றுகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எழுப்பியிருப்பேனா, தெரியவில்லை.

அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லையாம். அவளுக்கு முன்பாகவே அந்த விடுதி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அவள் வந்து இறங்கியதும் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டாராம். இதையும் அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.

இன்று காலை இருவரும் கடை முன்னால் நடந்து போனார்கள். அவளுடைய வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. பொத்தான் தைக்கிற கை அதுதான். கதவிலிருந்த பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

போன கடிதத்தில் வானம் இடியும் என்று எழுதியிருந்தேன். இடியவில்லை. வெயில் வழக்கம்போல அடிக்கிறது.

பிரவுசர் டி டிரைவில் இருக்கிறது. ஃபோல்டரின் பெயர் அரண்மனை.

மாமா


ஜூலை 16

மாமா,

உங்கள் கடிதத்தை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றே படித்தேன். அப்புறம் உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். டி டிரைவில் அரண்மனை எழுப்பிக் குடிவைத்தேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வர்ணனை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். துடைப்பத்துக்கு சி டிரைவைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தெரியாது.

துடைப்பத்தைத் திறந்தால் மேலே வலது மூலையில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதற்குள் 'வேறு இடம் சேர்' என்று ஒன்று. அதில் டி டிரைவில் உள்ள அரண்மனையைக் காட்டுங்கள். பட்டியலில் வந்துவிடும். அவ்வளவுதான் மாமா. இந்த ஒரு வரியை ஜூனிலேயே நான் எழுதியிருக்கலாம்.

புரையேறினாளே, அவள் இன்றைக்கு, "என்னடி, உங்க மாமா என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

நான் கிளம்பி வரட்டுமா? வேலை கிடக்கட்டும். அந்தம்மாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். போலீசில் சொல்ல முடியாதா? யாரையாவது அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போக முடியாதா? எனக்கு இங்கே கை ஓடவில்லை.

திட்டியாவது எழுதுங்கள். உலகம் அழிந்துவிட்டது என்றாவது எழுதுங்கள். இந்தக் கடிதம் மாதிரி மட்டும் இனிமேல் எழுதாதீர்கள்.

சுண்டெலி


ஜூலை 25

மருமகளுக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். பட்டியலில் வந்துவிட்டது. ஆறு கம்ப்யூட்டரிலும் சேர்த்துவிட்டேன். பெரிய வேலையாக இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "அந்தம்மா வந்து எழுதிக் கொடுக்கட்டும் பெரியவரே, நீங்க யாரு நடுவுல?" என்றார்கள். எழுதிக் காட்டச் சொல்லிப் படித்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக்கும் போனேன். வேன்காரர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அவள் உள்ளறையில் இருந்தாள். கதவுக்குக் கீழே அவள் கால் நிழல் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஏதாவது சொன்னாளோ என்னவோ. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சட்டைக் கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நீ வர வேண்டாம். வந்தால் சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்று பேச வேண்டியிருக்கும். நீ படித்துச் சிரித்ததில் தப்பில்லை. சிரிக்கத்தான் எழுதினேன். பழையபடி எழுதச் சொல்கிறாய். உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. உள்ளதை மட்டும் எழுதுவதென்றால் எழுத அதிகம் இல்லை. அதனால் இனி என் கடிதத்தை எதிர்பார்க்காதே. ஏதாவது அவசரமென்றால் அக்காவிடம் சொல்லியனுப்புகிறேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். கதவில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் தெரிகிறது.

நேற்றுக் கடையை மூடுவதற்கு முன்னால் மூன்றாம் நம்பரைத் துடைத்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த விடுதிப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த எழுத்தையும் போட்டேன். அப்போதும் வரவில்லை.

உன் துடைப்பம் இப்போது நன்றாக வேலை செய்கிறது.

மாமா