சோப்பு நுரையில் பிடிபட்ட மீத்தேன்

தம்பி,

இன்று காலை எங்கள் விம்பிள்டன் வீட்டு பாய்லரைப் பழுதுபார்க்க கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்க, கேஸ் குழாய் இணைப்பில் பிரஷால் பூசினார். எலுமிச்சை வாசனை வந்தது. காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

லண்டனில் வீடு வீடாக கேஸ் குழாய் பூட்டிக்கொண்டிருந்தவன் நீ. எங்கள் ஆய்வுக்கூட வேலைக்கு வந்தபோது, வடதுருவக் கடலின் குளிரைத் தாங்குவீர்களா என்று கேட்டேன். "நோர்வேயில ரெண்டு வருசம் மீன் பெட்டி அடுக்கினனான் அக்கா. ஏலும்" என்றாய். உன்னைவிட நான் இரண்டே வயது மூத்தவள். நீ அக்கா, அக்கா என்றதில் கப்பலில் கேப்டன் முதற்கொண்டு எல்லோரும் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தக் கடலின் அடியில் இருப்பது, ஒரு காலத்தில் தரையாக இருந்து உறைந்த மண். பிறகு கடல் ஏறி மூடிக்கொண்டது. இப்போது தண்ணீர் சூடாக ஆக அது இளகி, மீத்தேன் குமிழ் குமிழாக மேலே வருகிறது. பூமியை மேலும் சூடாக்கும் வாயு அது. எவ்வளவு வருகிறது என்று அளக்கத்தான் போயிருந்தோம். அன்று கருவி காட்டிய அளவு, எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லண்டனுக்கு அனுப்ப அறிக்கையையும் எழுதி முடித்துவிட்டேன். இத்தனை வருட உழைப்புக்குப் பலன் வந்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை எனக்கு.

நீ மட்டும் கருவி அறையின் வாசலில் நின்றாய். "அனுப்பாதேங்கோ அக்கா. குமிழ் இல்லாத இடத்திலயும் நம்பர் இறங்குதில்லை."

"கருவியை நேத்துதானே சரிபார்த்தோம்?"

"ஓம், கருவி சரி. அறை சரியோ எண்டு பாப்பம்."

கப்பல் சமையலறையிலிருந்து சோப்பு வாங்கி வந்தாய். உன் ஷேவிங் பிரஷில் தோய்த்து, கருவியைச் சரிபார்க்க நாங்கள் கொண்டுபோயிருந்த மீத்தேன் சிலிண்டரின் கழுத்தில் பூசினாய். நுரை பொங்கியது. லண்டனிலிருந்து நாங்களே சுமந்துபோன வாயு அறைக்குள் கசிய, கருவி அதையும் சேர்த்து உறிஞ்ச, அதைக் கடலின் கணக்கில் எழுதி உலகத்துக்கே சொல்லவிருந்தேன். யாரையும் தொடவிடாமல் அந்தச் சிலிண்டரைக் குழாயோடு பூட்டியதும் நான்தான்.

அவமானத்தில் உன் மேல்தான் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ தேநீர் கொண்டுவந்து வைத்தாய். "பூட்டின ஆளே பாத்துச் சரி சொல்லக் கூடாது அக்கா. எங்கட வேலையில ஆள் மாறித்தான் பாப்பம்."

இணைப்பை இறுக்கி, அறையைக் காற்றாட விட்டு, மறுபடி அளந்தோம். அளவு மளமளவென்று இறங்கியது. ஆனால் கடலில் குமிழ் எழும்பிய இடங்களில் மட்டும் ஏறி நின்றது. கடல் உண்மையிலேயே விட்ட மூச்சு அவ்வளவுதான். அந்தச் சின்ன எண்ணை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை. எத்தனை அரங்குகளில் எத்தனை பேர் குடைந்திருக்கிறார்கள் தெரியுமா!

கட்டுரையில் உன் பெயரும் வர வேண்டும் என்றபோது, "எனக்கு ஒரு பட்டமும் இல்லையே அக்கா" என்று நெளிந்தாய். உன் பெயர் இல்லையென்றால் என் பெயரும் இல்லை என்றேன். அச்சானதும் அதை பார்க்கிங் கடைத்தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாயாமே, உன் மனைவி சொன்னாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இன்று வந்தவர் "லீக் இல்லை அக்கா" என்று கையைத் துடைத்தார். பிரஷைத் தாருங்கள், நானும் ஒருமுறை பூசிப் பார்க்கிறேன் என்றேன்.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"அப்படி இல்லை. பூட்டின ஆளே பார்த்துச் சரி சொல்லக் கூடாதாம்."

அவர் சிரித்துவிட்டார். "எங்கட தொழில் கதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என் தம்பி. வடதுருவக் கடலுக்கே சோப்புப் போட்டுப் பார்த்தவன்" என்றேன்.