முதலில் கண் படும் இடம்

வெள்ளவத்தை
09.06.2025

என் யது அக்காவுக்கு,

நீ சுகமா? நெஞ்சுச் சளி போய்விட்டதா? நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். சுகம்.

அப்பா என் போனைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டார். உனக்கு நான் அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் முன்னறை ஹோலில் எல்லோருக்கும் முன்னால் போட்டுக் கேட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. "இவளும் போகப் பாக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே செய்கிறதை விட்டுவிட்டு எழும்பிவிடுகிறேன். இதைக் குளியலறைக்குள் இருந்து, கதவின் கீழே துவாயால் அடைத்துவிட்டு எழுதுகிறேன். என் வகுப்புக் கூட்டாளி ஷஹீமா இதைத் தன் கணிதக் கொப்பிக்குள் வைத்து எடுத்துப்போவாள். உன்னோடு தளபாடக் கடையில் வேலை செய்கிற அஸ்கா அவளுடைய சொந்த அக்கா என்று தெரிந்த அன்று வகுப்பிலேயே அழுதுவிட்டேன். மிஸ் வயிற்றுவலி என்று நினைத்தா.

விஷயம் இதுதான். எங்கள் ஜனா அண்ணாவுக்கு மெல்பேர்னில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பூபாலசிங்கம் மாமா கொண்டுவந்தது. பெண்ணின் தாய் தகப்பன் ஓகஸ்டில் கொழும்புக்கு வரும்போது எங்கள் வீட்டைப் பார்க்க வருவார்களாம். அதற்குள் ஹோலைத் திருத்த வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா நாள் முழுக்க ஷோகேசுக்கு முன்னால் நிற்கிறா. ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறா, பிறகு பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறா. கடற்கரை ரயில் போகும்போது எல்லாம் சேர்ந்து கிலுகிலுக்கிறது.

நீ கடைக் கண்ணாடிக்குள் மாதிரி ஹோல் செய்கிறவள்தானே. அம்மா உன்னிடம் கேட்க முடியாது. நான் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

நீ புஷ்பராஜ் அண்ணாவைக் கலியாணம் செய்துகொண்டு போன அன்று அப்பா கழற்றின, பதின்மூன்று வயதில் நீ பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படம் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அது இருந்த இடத்தில் சுவர் பெரிய கட்டமாக வெளிறித் தெரிகிறது. அப்பா அதன்மேல் கடைக் கலண்டர் ஒன்றைக் கொழுவினார். அதை மூடக் கலண்டர் காணாது. நான்கு பக்கமும் நீ தெரிகிறாய்.

உன் தங்கை
சாம்பவி

வாசித்ததும் கிழித்துவிடு.


கொட்டாஞ்சேனை
13.06.2025

என் குஞ்சுவுக்கு,

கிழிக்கவில்லை. இடியப்பத் தட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இந்த வீட்டில் ஒளிக்கத் தேவையில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உன் கடிதத்தைக் கண்டதும் புஷ்பராஜ், "மாமனாரு எனக்கு ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். லொறி ஓட்டுகிறவனுக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கும் என் மகள் இல்லை என்று அப்பா கத்தியதை அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

சரி, ஹோல். முதலில் செற்றியின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். இத்தனை வருடம் அதன்மேல் வேர்த்து ஒட்டிக்கொண்டு இருந்தது போதும். செற்றியைச் சுவரை விட்டு இழுத்து, கதிரைகளை அதற்கு எதிரே போடுங்கள். இப்போது எல்லோரும் டீவியைப் பார்த்தபடி பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி இருக்கிறோம். ஆளை ஆள் பார்க்க வேண்டும். ஷோகேசில் உள்ள ஈபிள் கோபுரம், நயாகராத் தட்டு, வெளிநாட்டுச் சொந்தக்காரர் தந்த எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, அம்மாவின் பித்தளைச் செம்பையும் சில புத்தகங்களையும் இடைவெளி விட்டு வையுங்கள். வெறுமையும் ஒரு சாமான்தான் என்று எங்கள் மனேஜர் சொல்லுவார். டியூப் லைட் வேண்டாம். அதன் கீழே எல்லோரும் நோயாளிகள் போல இருப்பார்கள். மூலைகளிலிருந்து மஞ்சள் வெளிச்சம் வர வேண்டும்.

பிறகு, அந்தச் சுவர். சின்னச் சின்னதாகப் பலதைக் கொழுவாதே. ஒன்றே ஒன்று, பெரிதாக. அதற்கு மேலே ஒரு சின்ன லைட், வெளிச்சம் சரிந்து விழுகிற மாதிரி. கதவைத் திறந்ததும் முதலில் கண் படும் இடம் அதுதான். வீட்டுக்காரர் மிகவும் நேசிக்கிற ஒன்று அங்கே இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வருகிறவர்கள் அந்த வீட்டை நம்புவார்கள். என்ன வைப்பதென்று அப்பாவே முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் அஸ்கா சொன்னது என்று அம்மாவிடம் சொல்லு. பொரளைக் கடையில் நான் செய்கிறது எல்லாம் ஒருவரும் இருக்கப்போகாத ஹோல்கள். எங்கள் வீட்டு ஹோலைச் செய்ய எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா.

அக்கா
யது


வெள்ளவத்தை
28.06.2025

என் யது அக்காவுக்கு,

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரிதான் அந்த அஸ்கா" என்றா. பிளாஸ்டிக் உறையைக் கழற்றினபோது செற்றி புதிதாக வேறு நிறத்தில் இருந்தது. எனக்கு அதில் இருக்கவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அம்மா, ஜன்னலுக்குக் கேட்டின் துணி என்ன நிறத்தில் போடலாம் என்று அஸ்காவிடம் கேட்கச் சொன்னா. அதற்கு மறுநாள், "அஸ்கா நேரத்துக்குச் சாப்பிடுறவளோ? அவளுக்குக் கடைச்சாப்பாடு ஒத்துவராது" என்றா. ஷஹீமாவின் அக்காவுக்கு எது ஒத்துவராது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தா. அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

இதோடு வருகிற பையில் பருத்தித்துறை வடை இருக்கிறது. அஸ்காவுக்காம். நெஞ்சுச் சளிக்காக உறைப்புக் குறைத்துப் போட்டதாம். "என்ட ராத்தாவுக்குச் சளியே இல்லையே" என்று ஷஹீமா முறைக்கிறாள்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
05.07.2025

குஞ்சு,

வடையை நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன். உண்மையான அஸ்காவுக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அவளும் கோபம்.

கேட்டினுக்குக் கடல் நிறம் வேண்டாம், கடல் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. வெளிறிய மண் நிறம் போடுங்கள். செற்றிக்கு மட்டும் ஒரு நிறம் எடுப்பாக வேண்டும். கடுகு நிறத்தில் குஷன் உறை நான் தைக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லு. அஸ்காவுக்கு ஐந்தாம் மாதம்.

யது


வெள்ளவத்தை
25.07.2025

என் ஆசை அக்காவுக்கு,

நான் சொன்னபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை. வெறும் சிரட்டை மிஞ்சின பிறகும் துருவிக்கொண்டிருந்தா. பிறகு, "லைட் பூட்டுற பெடியன் வாறான், தேத்தண்ணி போடு" என்றா. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போனா. வெள்ளிக்கிழமை கூட இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கேள். நீ ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசி.

லைட் பூட்ட வந்த இராமருக்கு அப்பாவே இடத்தைக் காட்டினார். கலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வெளிறின கட்டத்தின் மேல் விளிம்பில் கைவைத்து, "இதில, வெளிச்சம் கீழ விழவேணும்" என்றார். அப்படியே நீ எழுதின மாதிரி. இராமர் போன பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து உன் படத்தை இழுத்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் தூசியைத் துடைத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார், அக்கா. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த நாள் புதுச் சட்டம் போடக் கொண்டுபோனார். இப்போது பிறவுண் பேப்பர் சுற்றி அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறார். ஓகஸ்ட் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வருவார்களாம், அன்றுதான் கொழுவுவாராம்.

அப்பா இளகிவிட்டார். மிகவும் நேசிக்கிற ஒன்று என்று நீ எழுதினாயே.

அத்தானிடம் சொல்லு, மாமனார் இன்னும் கடிதம் எழுதவில்லை, ஆனால் ஆணி அடித்துவிட்டார் என்று. இன்றைக்குக் கதவின் கீழே துவாய் வைக்கவும் மறந்துபோனேன்.

உன்
சாம்பு


கொட்டாஞ்சேனை
31.07.2025

என் குஞ்சுவுக்கு,

உன் கடிதத்தைப் புஷ்பராஜுக்கு உரத்து வாசித்தேன். நீ அவரை அத்தான் என்று எழுதின இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு வெளியே போய் நின்றார்.

நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் நாலு மணிக்கு வந்தால் இருட்டுவதற்கு முதல் போய்விடுவார்கள்தானே. அதற்குப் பிறகு வருகிறேன், தனியாக. அப்பா ஏசினால் ஏசட்டும், கேட்டுக்கொண்டு நிற்பேன். படத்தைத் தன் கையால் துடைத்தவர் என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தமாட்டார். பிள்ளை வயிற்றில் துடிக்கத் தொடங்கியபோது அம்மாவின் கையைப் பிடித்து அதில் வைக்க வேண்டும் போல இருந்தது. குஷன் உறைகளையும் கொண்டுவருகிறேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லு, அஸ்கா வருவாள் என்று.

யது


வெள்ளவத்தை
03.08.2025

என் யது அக்காவுக்கு,

நீ வந்து போய்விட்டாய். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினை.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டா. இன்றைக்கு விடியவே எழும்பிக் கூடுதலாகப் பால்சோறு பொங்கினா. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அப்பா ஸ்டூலில் ஏறி உன் படத்தைக் கொழுவினார். நான்தான் ஸ்டூலைப் பிடித்தேன். சந்தோஷமாகப் பிடித்தேன். பிறகு அவர் ஒரு பையைத் திறந்து, சந்தன மாலை ஒன்றை எடுத்து, "சிக்கெடுத்துத் தா" என்பது போல அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதன் சிக்கை எடுத்து, நேராக்கி, அவரிடம் திருப்பிக் கொடுத்தா. அவர் அதை உன் படத்துக்குப் போட்டார். லைட்டைப் போட்டார்.

"அவையள் கேட்டால், மூத்தவள் டெங்குவில போனவள். சாமத்தியப்பட்ட வருசம். ஓடிப்போனவள் எண்டு சொல்லி இவன்ர வாழ்க்கையை என்னால அழிக்கேலாது" என்றார். ஜனா அண்ணா புதுக் கேட்டினை இழுத்து இழுத்துச் சரி செய்தார்.

அக்கா, உனக்குப் பதின்மூன்று வயதோடு முடிந்துவிட்டது. எனக்கு நீ சைக்கிள் பழக்கினது, படிக்கக் கம்பஸ் போனது, என் தலைக்குப் பேன் பார்த்தது எதுவும் நடக்கவில்லை.

குசினிக்குள் அம்மாவின் கையைப் பிடித்து, அஸ்கா வருவாளே என்று கேட்டேன். உன் புது நம்பர் எங்களிடம் இல்லை. அதைக் கடிதத்தில் எழுதினால் அகப்பட்டுவிடும் என்று நாங்கள்தானே பயந்தோம். "அவையள் போகட்டும். நாளைக்கு நானே கழட்டுறன்" என்றா. வடை சுட்டுக்கொண்டே சொன்னா.

அவர்கள் வத்தளையில் ஒரு விருந்துக்குப் போய்ப் பிந்தித்தான் வந்தார்கள். பெண்ணின் தாயான அந்த அன்ரி கதவடியில் நின்று முதலில் உன் படத்தைத்தான் பார்த்தா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அதற்கு முன்னால் போய்க் கும்பிட்டா. அப்பா அந்தப் பொய்யைச் சொல்லும்போது உண்மையாகவே அழுதார். நடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். அன்ரி என் தலையைத் தடவி, "உனக்கு அக்காவை நினைவிருக்கோ பிள்ளை?" என்று கேட்டா. ஓம் என்றேன். இன்று அந்த ஹோலில் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

அப்போதுதான் மணி அடித்தது. அம்மா எழும்பினா. அப்பா பார்த்தார். அம்மா திரும்பச் செற்றியில் இருந்துவிட்டா. நான் போனேன்.

நீ தலைமயிரைக் கழுத்தளவு வெட்டியிருந்தாய். வயிறு தெரிந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, என் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தாய். பின்னால் அன்ரி, "ஆர் பிள்ளை வந்திருக்கிறது?" என்றா. எனக்கு அப்பாவின் கண் முதுகில் படுகிறது தெரிந்தது.

"அஸ்கா அக்கா. என்ர கூட்டாளியின்ர தமக்கை."

நான்தான் சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை.

"ஓம்" என்று சொன்னாய். "இதைக் குடுத்திட்டுப் போக வந்தனான்." பையை என் கையில் தந்தாய். உன் கை குளிர்ந்திருந்தது. எங்களை வாடி, போடி என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிடாத அம்மா, செற்றியில் இருந்தபடி, "உள்ளுக்கு வாங்கோ அஸ்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றா. நீ அம்மாவைப் பார்த்தாய். "இல்லை அன்ரி, நேரம் போட்டுது" என்றாய். லிப்ட்டுக்கு நிற்காமல் படியால் இறங்கினாய். அந்த வயிற்றோடு.

சம்பந்தம் சரி. செத்த பிள்ளையை இவ்வளவு அன்பாக வைத்திருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்கலாம் என்று அந்த அன்ரி சொன்னாவாம். பூபாலசிங்கம் மாமா போனில் சொன்னார். ஹோல் நல்ல வடிவாம், யார் செய்தது என்றும் கேட்டார்களாம். கலியாணம் முடிந்தாலும் அந்தப் படத்தில் ஒருவரும் கைவைக்கக் கூடாது, மருமகள் வந்து போகிற வீடு என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒரு குஷன் உறையைச் செற்றிக்குப் போட்டா. மற்றதைத் தன் தலையணைக்குப் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா.

ஒன்றே ஒன்று போதும் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் அந்தச் சுவரில் உனக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னை மன்னிப்பாயா? ஒரு வரி எழுது.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
06.08.2025

என் குஞ்சுவுக்கு,

அழாதே. நீ சொன்னது சரி. அந்த வாசலில் நீ என்னை அக்கா என்று மட்டும் கூப்பிட்டிருந்தால் அன்று இரவு உனக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இனி இருக்கப்போகிறவள் நீ. நான் இல்லை.

ஹோல் வடிவாக வந்திருக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன், கதவு திறந்ததும் முதலில் அதைத்தான் நினைத்தேன். கேட்டின் சரி. கதிரைகள் சரி. பிறகுதான் சுவரைப் பார்த்தேன். லைட் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, நெற்றிச்சுட்டி மட்டும் மின்னுகிறது, கண் தெரியவில்லை. இராமர் திரும்ப வந்தால் ஒரு சாண் ஏற்றச் சொல்லு. படுக்கப் போகும்போது நிறுத்திவிடு. இரவு முழுக்க எரிந்தால் படம் வெளிறிவிடும்.

கடை வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைப்பேற்றுக்குப் புஷ்பராஜின் அம்மாவிடம், ஹட்டனுக்குப் போகிறோம். அங்கே ஒரே அறைதான். ஷஹீமாவிடம் இனிக் கடிதம் கொடுக்காதே. அகப்பட்டால் அந்தப் பிள்ளைக்கும் கரைச்சல். நீ படி. படித்து, உன் சொந்தக் காசில் பஸ் ஏறுகிற நாளில், உண்மையான அஸ்காவிடம் போய்க் கேள். நான் இருக்கிற இடம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா கேட்டால், அஸ்கா சுகமாக இருக்கிறாள் என்று சொல்லு. கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்
அஸ்கா