கை என்னைக் கேட்கவில்லை

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பேக்கரியில் கிழிந்த கையுறையோடு அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை எடுத்தேன். விரல் சுட்டது, தட்டு விழுந்தது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதீர்கள்.

"கவனக்குறைவா போட்டுட்டேன்னு எழுதிக் குடு" என்றார் மேற்பார்வையாளர்.

"நான் போடலை சார். சூடு பட்டா, மூளைக்குச் சேதி போறதுக்குள்ள முதுகுத்தண்டே கையை இழுத்துடும்னு மருந்து போட்ட நர்ஸ் சொன்னாங்க. வேணும்னா அதுகிட்ட எழுதி வாங்குங்க. கையுறை கிழிஞ்சிருக்குன்னு மூணு தடவை சொன்னது மட்டும்தான் நான்" என்றேன்.

இன்றுவரை எழுதவில்லை. புதுக் கையுறை வந்துவிட்டது.

வேலைக்கு மணி அடிக்கிறது. கையுறைக்குள் சுற்றிக்கொள்ள உங்கள் பழைய புடவைத் துண்டு ஒன்று அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அதைப் பிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால், அதுவும் சுரப்பி தானாகச் செய்கிற வேலை. அதற்கும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மகள்