காப்பிக்கடைப் பலகையில் நாமம்

திருப்பதி,
7-5-1934

பிரியமுள்ள தபீதாளுக்கு அத்தான் தியோடர் எழுதுவது.

நேற்று சித்தூர்க் கோயிலில், மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய நம்முடைய கலியாண அறிக்கையை முதல் தடவை வாசித்திருப்பார்கள். பாதிரியார் நம் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் படித்தபோது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்? அதைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே நேரத்தில் நான் இங்கே ரயிலடிக்கு எதிரில் காப்பிக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஆமாம், திறந்தேவிட்டேன்!

காப்பியைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, கேள். கொட்டை மைசூர்ச் சீமையிலிருந்து பச்சையாக வருகிறது. இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தால் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கினதும் இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் அசந்தால் கரிதான். சிக்கரி நான் சேர்ப்பதில்லை. சிக்கரி போட்டால் டிக்காஷன் கறுப்பாக இறங்கும், ஜனங்களும் அந்தக் கறுப்பைப் பார்த்து நல்ல காப்பி என்று ஏமாந்து குடிப்பார்கள். மற்றக் கடைகளில் அந்த மோசடிதான் நடக்கிறது.

இங்கே எல்லாக் கடைப் பலகையிலும் சாமி படமோ ஜாதிப் பெயரோ இருக்கும். என் பலகையில், 'நல்ல காப்பி. யாரும் வரலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கடவுள் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை என்பது உனக்குத் தெரியும். மாமாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
தியோடர்

சித்தூர்,
9-5-1934

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்குத் தபீதாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே யாவரும் சுகம். அறிக்கை வாசித்தபோது நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த என் சிநேகிதி கிருபாவதி கிள்ளிய கிள்ளில் கை கன்றிவிட்டது. நைனா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் உபதேசியாராக இருந்து ஊரார் வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் அலைந்தவருக்கு, தன் மகள் பெயரைக் கேட்கப் பெருமை இருக்காதா?

ஓய்வுநாளில் யாராவது கடை திறப்பார்களா, அத்தான்? நைனாவிடம் கிழமையைச் சொல்லவில்லை. உங்களுக்கு விசுவாசம் இல்லை என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தானாக வரும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைக்கு ஆள் வருகிறதா? இந்த அக்கினி வெயிலில் கொதிக்கக் கொதிக்க யார்தான் குடிக்கிறார்களோ. எனக்கு நீராகாரம் போதும்.

அன்புள்ள,
தபீதாள்

திருப்பதி,
12-5-1934

பிரியமுள்ள தபீதாளுக்கு,

கை பரபரக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பலகை முழுக்கத் தார். தண்ணீர்ப் பானைகளை உடைத்துப் போட்டு, பெஞ்சுக் காலை ஒடித்திருந்தார்கள். 'யாரும் வரலாம்' என்பது எவனுக்கோ பொறுக்கவில்லை. போலீசுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். நானா விடுவேன்? சாயங்காலமே புதுப்பலகை எழுதி மாட்டிவிட்டேன்.

வேடிக்கை இனிமேல்தான். நேற்று வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், புதுப்பலகையின் நடுவில் பெரிய நாமம். வெள்ளையும் சிவப்புமாக அளவெடுத்துப் போட்டதுபோல் இருந்தது. இதுவும் தார் பூசினவன் குறும்புதான் என்று துடைக்கத் துணியை எடுத்தேன். அதற்குள் மொட்டையடித்து மலையிறங்கி வந்த ஒரு கூட்டம் பலகையைப் பார்த்துக் கும்பிட்டது. "நம்மாளு கடைதான், உள்ளே வா" என்று ஒருவர் கூப்பிட, பெஞ்சு நிறைந்துவிட்டது. நான் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

அப்போதிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. புத்தூர்ப் பக்கத்துச் செங்கல்வராயன்தான் எனக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் பாவம், பாலுக்காகத் தெருத் தெருவாக ஓடுகிறார். அடுத்த மாதம் நீ வந்து இந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்!

தியோடர்

சித்தூர்,
14-5-1934

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

நேற்று இரண்டாம் அறிக்கை வாசித்தார்கள். கோயில் விட்டு வெளியே வந்ததும், திருப்பதிக்குப் போய்வந்த கங்கையா நைனாவிடம் உங்கள் பலகையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நைனாவுக்கு முகமே மாறிவிட்டது. "நாமம் போட்டுகினு கடை நடத்தறவனுக்கா என் பொண்ணு? மூணாவது தபா வாசிக்கச்சொல்ல நானே எழுந்து தடை சொல்றேன்" என்கிறார். சபையில் ஒருவர் எழுந்து தடை சொன்னால் கலியாணம் நின்றுபோகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நைனாவுக்கு நாமத்தின்மேல் கோபம். எனக்கு உங்கள்மேல் கோபம். மலைக்குப் போய் வந்தவர்கள் தங்கள் சாமியை நம்பி உங்கள் கடைக்குள் வருகிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும், அவர்களுக்கு இருக்கிறதே. சிக்கரி கலக்கிறவனை அப்படித் திட்டினீர்களே, நீங்கள் செய்வது மட்டும் என்னவாம்?

தபீதாள்

திருப்பதி,
17-5-1934

பிரியமுள்ள தபீதாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வெட்கமாகிவிட்டது. நேற்றுக் காலை கடை நிறைந்திருந்தபோதே முக்காலி போட்டு ஏறினேன். "நான் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, பெயர் தியோடர். இந்த நாமம் நான் போட்டதில்லை, ஆனால் இருக்கட்டும் என்று விட்டது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பாதிப்பேர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள், ஒருவர் காறித் துப்பினார். மீதிப்பேர் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். "சரி சரி, இன்னொண்ணு குடு. சக்கரை தூக்கலா போடு" என்றார் ஒரு மொட்டைத்தலைக்காரர். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

பால் கொண்டுவந்த செங்கல்வராயன் பலகையைப் பார்த்துத் திகைத்து நின்றார். "இன்னாத்துக்கு அழிச்சே? நான்தாம்பா போட்டேன். நாமம் இருந்தா எவனும் கை வெக்க மாட்டான். ரெண்டு நாளா துன்னாம கொள்ளாம நின்னுகினு இருந்தியே, எனக்கு மனசு கேக்கல" என்றார். அவர் கும்பிடும் சாமியை எனக்குக் காவலாக வைத்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது.

மாமாவின் தடைக்கு இனிக் காரணம் இல்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது. முக்காலியிலிருந்து இறங்கும்போதே தோன்றியது, நேற்று முழுக்க வேலை ஓடவில்லை. கலியாணத்தன்று பாதிரியார் முன்னால் நின்று, கடவுள் சாட்சியாக என்று நான் சொல்ல வேண்டுமே. நம்பாமல் சொன்னால் அதுவும் ஒரு பொய்ப் பலகைதான். நீதானே சாமி நம்பிக்கையை வைத்து ஏமாற்றக் கூடாது என்றாய்? உன் சாமியை வைத்து உன்னையே எப்படி ஏமாற்றுவேன்? என்னால் முடியாது. மூன்றாம் அறிக்கைக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தியோடர்

சித்தூர்,
20-5-1934

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

இன்று மூன்றாம் அறிக்கை வாசித்தார்கள். "இவ்விருவர் விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று பாதிரியார் கேட்டார். பலகையை நீங்கள் துடைத்த சேதி தெரிந்ததால் நைனா எழவில்லை. நான் எழுந்தேன், அத்தான்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தேன், குரல் நன்றாகத்தான் வந்தது. "ஐயா, மாப்பிள்ளைக்கு விசுவாசம் இல்லை. அவர் பொய் சொல்ல மாட்டார், சொல்லவைக்க எனக்கும் மனமில்லை. இந்த அறிக்கையை நிறுத்திவிடுங்கள்" என்றேன். நைனா என் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து நைனா என்னோடு பேசவில்லை, இனிப் பேசுவாரோ என்னவோ. மிஷன் பள்ளிக்கூடத்தில் என் டீச்சர் வேலையும் நிலைக்காது.

நாளைக்குக் கிருபாவதியோடு ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய் நம் கலியாணத்துக்கு நோட்டீசு கொடுக்கப் போகிறேன். அங்கே நம் இரண்டு பேருக்கும் சம்மதமா என்றுதான் கேட்பார்களாம், விசுவாசத்தைக் கேட்க மாட்டார்களாம். கையெழுத்துப் போட நீங்கள் புறப்பட்டு வாருங்கள். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

நான் விசுவாசிக்கிறவள், அது மாறாது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஜெபம் பண்ணுவேன். அந்த நேரத்தில் நீங்கள் கொட்டை வறுத்துக்கொண்டிருங்கள்.

உங்கள்,
தபீதாள்